டர்பன் முதல் பிரிட்டோரியா வரை: மாமனார், மாப்பிள்ளை, ஒரு மின்கார்

2025 ஜூலை 18, வெள்ளி. டர்பன், தென்னாப்பிரிக்கா

பன்னி சௌ என்று இங்கே ஒரு சாப்பாடு. கால் ரொட்டி அளவு மட்டன் பன்னி 110 ரேண்ட், பீன்ஸ் என்றால் 55. ஒரு ரேண்ட் ஏறத்தாழ ஐந்து ரூபாய். ரொட்டியைக் காலாக வெட்டி, உள்ளே இருப்பதைத் தோண்டி, அந்தக் குழியில் குழம்பை ஊற்றி, தோண்டிய துண்டையே மூடியாக வைத்துத் தருகிறார்கள். பக்கத்து மேஜைக்காரர் நான் ரொட்டிச் சுவரைப் பிய்க்கப் போவதைப் பார்த்துப் பதறிவிட்டார். "மேலே இருந்து வாங்கம்மா, பக்கத்துல பிச்சா எல்லாம் ஓடிடும்." தமிழில்தான் சொன்னார். டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்தில் அறுபது வயது தாண்டியவர்களிடம் இன்னும் இந்தத் தமிழ் இருக்கிறது.

என் சித்தி மகன் கார்த்தி ஜோகன்னஸ்பர்க் பக்கம் மிட்ராண்டில் வேலை பார்க்கிறான். கட்டியிருப்பது டர்பன் பெண் தேஷ்னியை. அவள் முன்னோர்கள் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்கள். 1860 நவம்பர் 16-ல் சென்னையிலிருந்து 342 பேரோடு வந்த ட்ரூரோதான் முதல் கப்பல். இங்கே கேட்கிற வீட்டிலெல்லாம் "நாங்க ட்ரூரோ" என்கிறார்கள். அந்தக் கப்பல் எப்படி மூழ்காமல் வந்ததோ! தேஷ்னியின் அப்பா மட்டும் "நாங்க அதுக்கப்புறம் வந்த ஏதோ ஒண்ணு" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டார். அதனாலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போனது. நானும் மாமா என்றே கூப்பிட ஆரம்பித்தேன்.

மாமாவுக்கு வீட்டுக்குப் பின்னால் மெக்கானிக் ஷெட். இன்று மண்டேலா பிறந்தநாள். அவர் பொதுவாழ்வில் இருந்த 67 வருடங்களுக்கு ஈடாக ஆளுக்கு 67 நிமிடம் ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்பது இந்நாட்டு வழக்கம். மாமா முதியோர் இல்லத்து வேனுக்கு பிரேக் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மணி நேரம் ஆனது.

மாப்பிள்ளை புதிதாக வாங்கிய சீன மின்கார் வாசலில் நின்றது. 60 யூனிட் பேட்டரி. கிலோவாட் மணி என்பதெல்லாம் கரண்ட் பில்லில் யூனிட்தானே, இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். மாமா அதைச் சுற்றி வந்தார், குனிந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் கோயிலுக்குப் போகும்போதுதான் ஆரம்பித்தார்.

"பேட்டரி என்ன வெயிட்டு மாப்பிள்ளை?"

"நானூறு கிலோவுக்கு மேல மாமா."

"என் டேங்க் ஃபுல்லா போட்டா 45 லிட்டர். முப்பத்து மூணு கிலோ. அதுல எத்தனை யூனிட்?"

கார்த்தி நேர்மையான பையன். "நானூறு யூனிட் வரும்" என்றான். மாமா கையை விரித்துக் காட்டினார். 33 கிலோவில் 400, 400 கிலோவில் 60. கணக்கு சரிதான். ஆனால் பெட்ரோல் எஞ்சினில் அந்த 400-ல் முக்கால் பங்கு ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் சூடாகவே போய்விடுகிறது, மோட்டாரில் பத்தில் ஒரு பங்குதான் வீண் என்று கார்த்தி சொல்வதற்குள் கோயில் வந்துவிட்டது.

இன்று முதல் ஆடி வெள்ளி. அம்மனுக்குக் கூழ். கேழ்வரகு இல்லை, சோள மாவுக் கூழ், தயிர் விட்டது. யார் என்ன என்று கேட்காமல் வந்த எல்லோருக்கும் ஒரு குவளை. பக்கத்துத் தெரு ஜூலு பிள்ளைகளும் வரிசையில் நின்று வாங்கிக் குடித்தார்கள். வெங்காயம் கடித்துக்கொள்ளக் கொடுக்கவில்லை, அது ஒன்றுதான் குறை.

ஜூலை 19, சனி. டர்பன்

விக்டோரியா தெரு மார்க்கெட். மாமியார் பெயரைச் சொல்லி விற்கும் காரமான மசாலாப் பொடியைக் கூம்பாகக் குவித்து வைத்திருக்கிறார்கள். கால் கிலோ வாங்கினேன். மத்தியானம் கடற்கரை. 23 டிகிரி வெயிலில் ஆட்கள் ஸ்வெட்டர் போட்டு நடக்கிறார்கள்.

வழியில் மாமா தன் பழைய டொயோட்டாவுக்குப் பெட்ரோல் போட்டார். இந்த நாட்டில் நாமே இறங்கிப் போட்டுக்கொள்ளச் சட்டம் இடம் தருவதில்லை. ஆள் வந்து போடுவார், கண்ணாடி துடைப்பார், டயர் காற்றுப் பார்ப்பார், ஐந்து ரேண்ட் கொடுத்தால் சிரிப்பார். லிட்டர் 21 ரேண்டைத் தாண்டுகிறது. கடலோரத்தில் விலை கொஞ்சம் குறைவு, உள்நாட்டில் குழாய்ச் செலவு சேர்ந்து ஏறும். மாதாமாதம் முதல் புதன்கிழமை புது விலை. "உங்க பிளக்கு வந்தா இந்தப் பையன் எங்க போவான்?" என்றார் மாமா. கார்த்தியிடம் இதற்குப் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.

ராத்திரி மாமா வீட்டு பிளக்கில் காரைச் சொருகிவிட்டுத் தூங்கினோம். நாளைக்கு ஜோகன்னஸ்பர்க் பயணம். "நானும் வரேன், பார்த்துடுவோம்" என்று மாமா பையை எடுத்து வைத்துவிட்டார்.

ஜூலை 20, ஞாயிறு. டர்பன்-ஜோகன்னஸ்பர்க் N3 நெடுஞ்சாலை

விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். பீட்டர்மரிட்ஸ்பர்க் தாண்டி டவுன் ஹில் ஏற்றத்தில் மூடுபனி, லாரிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. டர்பன் கடல் மட்டம். 250 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் வான் ரீனன் கணவாய் 1,680 மீட்டர். கார்த்தி ஓட்டிக்கொண்டே கணக்குச் சொன்னான். நாலு பேரோடு இரண்டு டன் எடை. அதை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் ஒன்பது யூனிட்டுக்கு மேல் வேண்டும், உருட்டுவதும் காற்றைக் கிழிப்பதும் தனி. "பெட்ரோல்ல அந்த ஏத்தத்துக்கு மட்டும் நாலு லிட்டர் கிட்ட மாமா. அதுவும் திரும்பி இறங்கும்போது உங்க வண்டி பிரேக்கைத்தான் தேய்க்கும். இது பேட்டரியை நிரப்பும்."

மாமா இதை ஒத்துக்கொண்டார். ஏற்றத்தில் வண்டி முனகவே இல்லை என்பதை அவரும் கவனித்திருந்தார். உயரம் போகப் போகக் காற்று மெலிந்து, காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ இல்லாத எஞ்சின் ஜோகன்னஸ்பர்கில் ஆறில் ஒரு பங்கு பலத்தை இழக்கும் என்று அவரே எனக்கு விளக்கினார். காற்றழுத்தம் குறைவதால் மேட்டு நிலத்தில் 93 ஆக்டேன் பெட்ரோலே போதும் (எஞ்சினுக்குள் தானாக வெடித்துவிடாமல் பெட்ரோல் தாங்கும் அளவுதான் ஆக்டேன்), கடலோரத்தில் 95 என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். மோட்டார் காற்றைக் குடிப்பதில்லை. அதற்கு டர்பனும் ஒன்றுதான், மிட்ராண்டும் ஒன்றுதான்.

மூயி ரிவர் பக்கம் முதல் சார்ஜ். 26 யூனிட், 190 ரேண்ட், அரை மணி நேரத்துக்கு மேல். ஆளுக்கொரு காபி, மாவுக்குள் பூரணம் வைத்துச் சுட்ட சூடான 'பை'. அதற்குள் முடிந்துவிட்டது. இங்கே ஒரு விஷயம் குறித்துக்கொண்டேன். சாலையோர சார்ஜரில் யூனிட் ஏழு ரேண்டுக்கு மேல். நூறு கிலோமீட்டருக்கு 20 யூனிட் என்றால் 140-ஐத் தாண்டுகிறது. பெட்ரோலில் இந்த அளவு காருக்கு எட்டு லிட்டர், 170. லாபம் என்று பெரிதாக மார்தட்ட ஒன்றும் இல்லை. வீட்டு மின்சாரம் என்றால்தான் பாதிக்குப் பாதி மிச்சம்.

வான் ரீனனில் எட்டே பேர் உட்காரக்கூடிய ஒரு குட்டித் தேவாலயம் இருக்கிறது. வெளியே இறங்கிய நொடியில் குளிர் காதைக் கடித்தது. 2024 செப்டம்பரில் இந்தக் கணவாயில் பனி கொட்டிச் சாலை மூடி, ராத்திரி முழுக்க வண்டிகள் சிக்கிக்கொண்டன. மாமா அதைக் காத்திருந்து எடுத்தார். "அன்னிக்கு இந்த வண்டியில இருந்திருந்தா?" ஹீட்டருக்கு மணிக்கு ஒன்றரை யூனிட், பாதி சார்ஜ் இருந்தாலும் விடிய விடியத் தாங்கும், தவிர எஞ்சினை ஓடவிட்டுப் பனியில் சைலன்சர் அடைத்துக்கொண்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும் என்றான் கார்த்தி. "பாதி சார்ஜ் இருந்தா" என்பதை மட்டும் மாமா திரும்பச் சொன்னார்.

ஹாரிஸ்மித்தில் மாட்டிக்கொண்டோம். செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. டர்பனுக்கு விடுமுறைக்குப் போன ஜோகன்னஸ்பர்கே திரும்பிக்கொண்டிருந்தது. பெட்ரோல் நிலையத்து ஓரத்தில் இரண்டு சார்ஜர் குழாய்கள். ஒன்றில் சிவப்பு விளக்கு. இன்னொன்றுக்கு எங்களுக்கு முன்னால் நாலு கார். கையில் 31 சதவீதம். அதில் எட்டக்கூடிய தூரத்தில் ஆப் வேறு எதையும் காட்டவில்லை.

மனிதர்கள் நன்றாகத்தான் நடந்துகொண்டார்கள். ஒரு அம்மா அட்டைப்பெட்டி மூடியில் கார் எண்களை வரிசையாக எழுதி சார்ஜரில் செருகிவிட்டார். எண்பது சதவீதம் வந்ததும் எடுத்துவிட வேண்டும் என்று எல்லோரும் பேசிக்கொண்டோம். கடைசி இருபது ஆமை வேகத்தில்தான் ஏறும். ஒரே ஒருவர் மட்டும் நூறு ஆகட்டும் என்று காருக்குள் கண்ணை மூடிக்கொண்டார். ஐந்து நிமிடத்தில் 400 கிலோமீட்டருக்கு ஏற்றும் ஒரு மெகாவாட் சார்ஜரை சீனாவின் பிஒய்டி கம்பெனி 2025 மார்ச்சில் அறிவித்ததை கார்த்தி சொல்லிக்கொண்டிருந்தான். மாமா சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் முறை வர ஒரு கார் பாக்கி. மூன்றே முக்காலுக்குக் கரண்ட் போனது.

எதனால், எப்போது வரும், யாருக்கும் தெரியவில்லை. பின்னால் டீசல் ஜெனரேட்டர் உறுமியது. பெட்ரோல் பம்புகள் ஓடின, பை சூடாக்கும் பெட்டி ஓடியது, கழிப்பறை விளக்கு எரிந்தது. சார்ஜர் அந்த இணைப்பில் இல்லை. எங்கள் கண் முன்னால் ஒரு பக்கி (பிக்கப் வண்டிக்கு இங்கே அதுதான் பெயர்) வந்து நாலு நிமிடத்தில் டேங்க் நிரப்பிக்கொண்டு போனது. மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது. பம்பில் நின்ற பையன் எங்கள் பக்கமாக வந்து, ஒரு சொட்டுப் பெட்ரோல் வாங்காத எங்கள் காரின் கண்ணாடியைத் துடைத்தான். மாமா இறங்கிப் போய் இருபது ரேண்ட் கொடுத்துவிட்டு வந்தார்.

இருட்டியதும் வரிசை கலைந்தது. சுற்றித் திரிந்து ஒரு தங்கும் விடுதி பிடித்தோம். அறைக்கு 850. விடுதிக்கார ஆப்பிரிக்கானர் பாட்டி, டச்சு வழிவந்த வெள்ளைக்காரர், ரூய்போஸ் மூலிகை டீயும் காய்ந்த ரஸ்க்கும் தந்தார். அவர் தெருவில் கரண்ட் இருந்தது. பிளக் வேண்டும் என்றதும் கொஞ்சம் யோசித்து, "நூறு ரேண்ட், சமையலறை ஜன்னல் வழியா இழுத்துக்கோங்க" என்றார். தென்னாப்பிரிக்க பிளக் நம் வீட்டு ஏசிக்கு மாட்டும் பெரிய மூன்று உருண்டைக் கால் பிளக்கேதான், அதனால் எனக்கு அந்த ஜன்னல் ஏதோ பழகினதாகத் தெரிந்தது.

அதன்பிறகு நடந்ததுதான் இந்தப் பயணத்தில் எனக்குப் பிடித்த காட்சி. கார்த்தி எக்ஸ்டென்ஷன் ஒயரைச் சுருளோடு வைத்துச் சொருகப் போனான். மாமா அதைப் பிடுங்கி, சுருள் முழுவதையும் பிரித்து, புல்லில் வளைவு வளைவாகப் போட்டார். "சுத்தி வச்சா சூடு வெளிய போகாது. மணிக்கணக்கா பத்து ஆம்ப்ஸ் இழுக்கும், உருகிடும்." பிளக் தரையில் படாமல் ஒரு செங்கல்லின் மேல் ஏற்றி வைத்தார். அப்புறம் ராத்திரி நான் தண்ணீர் குடிக்க எழுந்தபோது, மைனஸ் நாலு டிகிரியில், கம்பளிக் குல்லாவும் லுங்கியுமாக வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பிளக்கைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். தேஷ்னி சொல்கிறாள், அவர் எழுந்தது ஒரு தடவை இல்லை.

ஜூலை 21, திங்கள். ஹாரிஸ்மித் முதல் மிட்ராண்ட் வரை

காலையில் 63 சதவீதம். புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தது. பெட்ரோல் நிலையத்தில் கரண்ட் வந்திருந்தது, வரிசையும் இல்லை. ஆனால் சார்ஜர் 60 கிலோவாட் தரத் தயாராக இருந்தும் கார் பதினெட்டுதான் வாங்கியது. மாமா பார்வையாலேயே கேட்டார். இந்த பேட்டரி லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை, எல்எஃப்பி என்பார்கள். கோபால்ட், நிக்கல் வேண்டாம், விலை குறைவு, சுலபத்தில் தீப்பிடிக்காது, ஆயுளும் அதிகம். குளிர் மட்டும் ஆகாது. உறையும் குளிரில் வேகமாக ஏற்றினால் லித்தியம் உள்ளே போய் உட்காராமல் கிராஃபைட்டின் மேலேயே உலோகமாகப் படிந்து பேட்டரி கெட்டுவிடும். அதனால் காரின் கணினியே மின்சாரத்தைக் குறைத்து வாங்குகிறது. "குளிர்ல ஆயில் கெட்டியா இருக்கும்போது எஞ்சினை முறுக்கக் கூடாது இல்ல, அந்த மாதிரி" என்று மாமாவே அதை முடித்து வைத்தார். கால் மணி நேரத்தில் பேட்டரி சூடேறி 40-க்கு வந்தது. மொத்தம் 19 யூனிட், 140 ரேண்ட்.

வார்டன் தாண்டினால் இரண்டு பக்கமும் அறுத்த சோளக்காடு, தட்டை நிலம். வழியெல்லாம் கரி பற்றிப் பேச்சு. தென்னாப்பிரிக்க மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரி. "அப்ப உன் கார் கரியில ஓடுது" என்றார் மாமா. மாப்பிள்ளை, உன் என்று சொல்லிவிட்டாரே என்று பார்க்கிறான். பிறகு சிரித்தபடி செகுண்டா என்ற ஊரைப் பேச்சில் எடுத்தான். சசோல் நிறுவனம் 1980 முதல் அங்கே நிலக்கரியைப் பெட்ரோலாக்குகிறது. எண்ணெய்த் தடைக்கு அஞ்சிய நிறவெறி அரசு வளர்த்த தொழில் அது. ஒரே இடத்திலிருந்து உலகிலேயே மிக அதிகமாகக் கரியமில வாயு விடும் ஆலைகளில் ஒன்று. "இங்க நீங்க போடற பெட்ரோல்லயும் கரி இருக்கு மாமா." ஹைடல்பர்க் வரை காருக்குள் யாரும் பேசவில்லை.

மிட்ராண்ட் வீட்டுக் கூரையில் சோலார் பலகைகள். கார்த்தி சுற்றுச்சூழலுக்காகப் போட்டதில்லை. 2023-ல் 300 நாளுக்கு மேல் லோட்ஷெட்டிங் இருந்தது, ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம்கூட வெட்டியிருக்கிறார்கள். வசதி உள்ளவர்களெல்லாம் அப்போது கூரையில் போட்டுக்கொண்டார்கள். இப்போது வெட்டு ஏறக்குறைய நின்றுவிட்டது, பலகைகள் இருக்கின்றன. பகலில் காரைச் சொருகினால் செலவு சுழியம். கூரை சொந்தமாக இருப்பவனுக்கு பெட்ரோலா பேட்டரியா என்ற வாக்குவாதம் முடிந்துவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஃபிளாட்டில் மூன்றாவது மாடியில் இருப்பவனிடம் போய்ச் சொல்லிப் பார்க்கட்டும்.

ராத்திரி சாப்பிடும்போது கார்த்தி கணக்கு வாசித்தான். ஊர் வந்து சேர 190, 100, 140, ஆக 430. பெட்ரோல் என்றால் ஆயிரத்தைத் தொட்டிருக்கும். "டர்பன்ல என் மீட்டர்ல ஓடினதையும் சேருங்க" என்றார் மாமா, சாம்பாரை ஊற்றிக்கொண்டே. "அப்புறம் ரெண்டு ரூம் வாடகையையும் சேர்த்துக்குங்க மாப்பிள்ளை."

ஜூலை 22, செவ்வாய். பிரிட்டோரியா

ஆடிச் செவ்வாய் என்று மராபஸ்டாடில் இருக்கும் பழைய மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். சுற்றிலும் மொத்த வியாபாரக் கடைகள், டாக்சி இரைச்சல், நடுவில் வண்ணக் கோபுரம். எலுமிச்சை ஒன்று நாலு ரேண்ட்.

திரும்பும் வழியில் கார்த்தி, இந்நாட்டு அரசின் அறிவியல் ஆராய்ச்சி நிறுவனமான சிஎஸ்ஐஆர் வளாகத்து வாசல் பக்கமாக வண்டியை ஓட்டினான். உள்ளே விடமாட்டார்கள், வெளியே நின்று பார்த்ததுதான். இங்கே வேலை பார்த்த மைக்கேல் தாக்கரே 1981-ல் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய், பின்னாளில் நோபல் வாங்கிய ஜான் குடினஃபோடு சேர்ந்து லித்தியம் மாங்கனீசு பேட்டரிக்கான, ஸ்பைனல் என்ற படிக அமைப்புள்ள பொருளைக் கண்டுபிடித்தார். முதல் நிசான் லீஃப் கார்களில் இருந்தது அந்த வகைதான். உருகிய சோடியத்தில், 300 டிகிரி சூட்டில் வேலை செய்யும் ஜீப்ரா பேட்டரியும் 1970-களில் பிரிட்டோரியாவில் தொடங்கிய ஆராய்ச்சி. கேப்டவுனில் ஒரு கம்பெனி ஜூல் என்று ஒரு மின்காரைச் செய்து 2008 பாரிஸ் கண்காட்சியில் வைத்தது, முதலீடு கிடைக்காமல் 2012-ல் மூடியது. உலக மாங்கனீசு வளத்தின் பெரும்பகுதி இந்நாட்டுக் கலஹாரி மண்ணில்தான் இருக்கிறது. இத்தனை இருந்தும் கார் சீனாவிலிருந்து வருகிறது. சுங்க வரி வேறு ஐரோப்பியப் பெட்ரோல் காருக்கு 18 சதவீதம், மின்காருக்கு 25.

"அது நம்ம ஆளுங்க கண்டுபிடிச்சதா?" என்று மாமா இரண்டு தடவை கேட்டார். ஐந்து தலைமுறைக்கு அப்புறம் நம்ம ஆளுங்க என்றால் அவருக்கு இந்த நாட்டு ஆட்கள்தான்.

அவர் கட்சி மாறிவிடவில்லை. சாட்ஸ்வர்த்தில் அவரிடம் வரும் வண்டிகள் பன்னிரண்டு, பதினைந்து வருடப் பழசு, அறுபதாயிரம் எண்பதாயிரம் ரேண்டுக்குக் கைமாறியவை. 2010-ல் யூனிட்டுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் இருந்த பேட்டரி 2024-ல் 115-க்கு வந்துவிட்டது என்று கார்த்தி எத்தனை சொன்னாலும், "எண்பதாயிரத்துக்குப் பழைய வண்டி எப்ப வரும், அதைச் சொல்லுங்க" என்பதுதான் மாமாவின் கேள்வி. கேள்வியில் தப்பில்லை.

ராத்திரி டர்பன் பஸ். டிக்கெட் 380, டீசல் வண்டி. நிலையத்தில் நிற்கும்போது மாப்பிள்ளையைத் தனியாக அழைத்து, பேட்டரி கார் வேலைக்கு மெக்கானிக்குகள் போடும் ஆயிரம் வோல்ட் ரப்பர் கையுறை எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார். ஒவ்வொரு தடவையும் போடும் முன் காற்றடைத்து ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், விலையும் அதிகம் என்றான் கார்த்தி.

"ரெண்டு ஜோடி சொல்லிடுங்க" என்று மாமா பஸ்ஸில் ஏறிக்கொண்டார். "ஷெட்டுல இருக்கற பையனுக்கு ஸைஸ் ஒன்பது."